பெரட்டுல விழாத பேரும் நாங்க எழுதின லிஸ்ட்டும்

அம்மா வீட்டுச் சுவரில் ஒரு காலண்டர் தொங்குகிறது. முருகன் படம் போட்டு, பலசரக்குக் கடையில் சும்மா கொடுக்கிற காலண்டர்தான். ஒவ்வொரு திகதிக்கும் கீழே பென்சிலால் ஒரு கோடு இருக்கும். முழுக்கோடு என்றால் அன்றைக்கு முழுப்பேர். பாதிக்கோடு என்றால் அரைப்பேர். கோடே இல்லையென்றால் அம்மா வேலைக்குப் போகவில்லை, அல்லது அன்றைக்கு வேலை கொடுக்கவில்லை.

தோட்டத்துக்கு வெளியே இருந்து வாசிக்கிறவர்களுக்காகச் சொல்கிறோம். எங்கள் பக்கம் 'பேர்' என்றால் சம்பள நாள். காலையில் பெரட்டுக்களத்தில் நின்று, மலைக்குப் போய், சொன்ன கிலோ கொழுந்து எடுத்தால் செக்ரோலில் ஒரு பேர் விழும். கிலோ குறைந்தால் அரைப்பேர். 2021இல் நாட்சம்பளம் 1000 ரூபா ஆனபோது பேப்பரில் எல்லாம் பெரிதாகப் போட்டார்கள். ஆனால் அந்த 1000 ரூபா முழுப்பேர் விழுந்தவருக்குத்தான். அதனால் வேலை முடிந்து வருகிறவரிடம் எங்கள் லயத்தில் முதலில் கேட்பது "சாப்டியா" இல்லை. "இன்னைக்கு பேர் விழுந்துச்சா?"

நாங்கள் மூன்று பேர். ஒருத்தி இறக்குவானைப் பக்கம், ஒருத்தன் யட்டியாந்தோட்டைப் பக்கம், இன்னொருத்தி தெரணியகலப் பக்கம். ஏ.எல். ஐசிடிக்கு ஒன்லைன் வகுப்பு எடுத்த காலத்தில் பழக்கம். அம்மா என்று சொன்னது எங்களில் ஒருத்தியின் அம்மா. மற்ற இரண்டு பேரும் அவரை அம்மா என்றுதான் கூப்பிடுகிறோம்.

போன தீபாவளி லீவுக்கு மூன்று பேரும் அந்த வீட்டில் இருந்தபோதுதான் சம்பளச் சிட்டை வந்தது. சிட்டையில் 18 நாள். காலண்டரில் முழுக்கோடு 17, பாதிக்கோடு 5. கூட்டினால் பத்தொன்பதரை. ஒன்றரை நாள் காணவில்லை.

"ஆபீஸ்ல கேட்டீங்களாம்மா?"

"கேட்டேன் புள்ள. செக்ரோல்ல இப்படித்தான் இருக்குன்னு சொன்னாங்க. செக்ரோல நம்புறதா, ஒன் காலண்டர நம்புறதான்னு கேட்டா நான் என்னத்த சொல்ல?"

அந்த ராத்திரியே நாங்களும் ஒரு செக்ரோல் எழுதுவதென்று முடிவு செய்தோம்.

உண்மையைச் சொல்லிவிடுகிறோம். எக்செல்லில் போட்டிருந்தால் பத்து நிமிஷத்தில் முடிந்திருக்கும். போனில் ஒரு நோட் எழுதி வைத்தாலும் போதும். ஆனால் எங்களில் இரண்டு பேருக்கு கெம்பஸ் முதல் வருஷத்தில் சி மொழி ஒரு பாடம். அதில் 'நீங்களே ஒரு லிஸ்ட் எழுதிக் கொண்டு வாருங்கள்' என்று ஒரு அசைன்மென்ட். லீவு முடிந்ததும் கொடுக்க வேண்டும். மூன்றாவது ஆள் கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்துகொண்டு போனில் டெர்மக்ஸ் போட்டு சி பழகிக்கொண்டிருந்தான். ஆக, அசைன்மென்டும் முடியும், அம்மாவுக்கும் கணக்கு வரும் என்று நினைத்தோம். இரண்டும் நினைத்த மாதிரி நடக்கவில்லை. அதைத்தான் எழுதுகிறோம்.

ஏ.எல்.இல் நாங்கள் படித்தது பைத்தன். அதில் லிஸ்ட் என்றால் இரண்டு சதுர அடைப்புக்குறி போட்டால் லிஸ்ட். பேர் சேர்க்க வேண்டுமா, அப்பென்ட். எடுக்க வேண்டுமா, ரிமூவ். இடம் எங்கிருந்து வருகிறது, எவ்வளவு வருகிறது, யார் திருப்பிக் கொடுக்கிறார்கள் என்று நாங்கள் ஒருநாளும் கேட்டதில்லை. சி மொழிக்கு வந்தால் லிஸ்ட்டே இல்லை. அதோடு வருகிற நூலகத்தில் கோப்பு திறக்கலாம், எழுத்தை ஒப்பிடலாம், சைன் கொஸ் கணக்குப் பார்க்கலாம். லிஸ்ட் மட்டும் கிடையாது. வேண்டுமென்றால் நீங்களே கட்டிக்கொள்ள வேண்டும். 1972 வாக்கில் பெல் ஆய்வுகூடத்தில் டெனிஸ் ரிச்சி உருவாக்கிய மொழி இது. நாங்கள் வழக்கமாகப் பாவிக்கிற பைத்தனே சி மொழியில் எழுதப்பட்டதுதான். அதாவது அந்த அப்பென்ட்டையும் யாரோ ஒருவர் இதே மாதிரி உட்கார்ந்து கையால் எழுதியிருக்கிறார். அது தெரிந்தபோது எங்களுக்குப் பயம் கொஞ்சம் குறைந்தது.

சி மொழியில் சும்மா கிடைப்பது அணி மட்டும்தான். அணியை விளங்கிக்கொள்ள எங்களுக்குப் புத்தகம் தேவைப்படவில்லை. நாங்கள் பிறந்து வளர்ந்ததே அதற்குள்தான். லயம் என்பது ஒரு அணி. வரிசையாகப் பன்னிரண்டு காம்பரா, எல்லாம் ஒரே அளவு, நடுவில் ஒரே சுவர். ஏழாம் நம்பர் எங்கே என்றால் எண்ணாமலே போய் நிற்கலாம். அது நல்லதுதான். ஆனால் பதின்மூன்றாவது குடும்பம் வந்தால்? லயத்தைக் கட்டியவர் பன்னிரண்டு என்று முடிவெடுத்துவிட்டார். பிள்ளைகள் கல்யாணம் கட்டினாலும் அதே காம்பராவுக்குள் சேலையைக் கட்டி மறைத்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான். நடுவில் ஒரு காம்பரா காலியானால் மற்றவர்கள் நகர முடியாது.

இன்னொரு வழி, ஏழு பேர்ச்சஸ் காணியில் தனித்தனியாகக் கட்டிய வீடு மாதிரி. மலையில் எங்கே இடம் கிடைக்கிறதோ அங்கே ஒன்று. பக்கம் பக்கமாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் ஒவ்வொரு வீட்டிலும் அடுத்த வீடு எங்கே இருக்கிறது என்று எழுதி வைத்திருக்க வேண்டும். முதல் வீட்டின் முகவரி மட்டும் நம் கையில். அங்கே போனால் இரண்டாவது வீட்டின் முகவரி கிடைக்கும். இரண்டாவதில் மூன்றாவது. கடைசி வீட்டில் 'இதற்கு மேல் யாருமில்லை' என்று எழுதியிருக்கும். சி மொழியில் அந்தக் கடைசி வார்த்தைக்கு நல் என்று பேர். இந்தச் சங்கிலிதான் இணைப்புப் பட்டியல். நிவெல், ஷோ, சைமன் என்ற மூன்று பேர் 1950களின் நடுவில், கணினியைத் தருக்கம் பேச வைக்கிற வேலையில் இறங்கியபோது இந்த முறையைப் பாவித்தார்கள். எவ்வளவு நீளம் வருமென்று முன்கூட்டியே தெரியாத பட்டியல்கள் அவர்களுக்குத் தேவைப்பட்டன.

அணியா சங்கிலியா என்று கொஞ்ச நேரம் சண்டை பிடித்தோம். பைத்தனின் லிஸ்ட் உள்ளே சங்கிலி இல்லை, முகவரிகளை வரிசையாக அடுக்கிய அணி, இடம் போதாமல் போனால் பெரிய இடமாகப் பார்த்து மாறிக்கொள்ளும் என்று ஒருத்தி வாசித்துவிட்டு வந்து சொன்னாள். வெறும் பதினான்கு பேருக்கு அணியே போதும், வேகமும் அதில்தான் கூட. ஆனால் அசைன்மென்ட் கேட்டது சங்கிலி. சங்கிலியே கட்டினோம்.

எங்கள் கணு ஒன்றில் நான்கு விஷயம் இருந்தது. பேர், செக்ரோல் நம்பர், வேலை செய்த நாள், அடுத்த கணுவின் முகவரி. இந்த முகவரிதான் பொயின்டர். தமிழில் சுட்டி. ஐசிடி புத்தகத்தில் மவுசுக்கும் சுட்டி என்றுதான் இருக்கும், அதனால் முதல் நாள் நாங்கள் மூன்று பேருமே குழம்பினோம். விளங்க வைத்தது ஒரு பழைய கதை. 1900களின் தொடக்கத்தில் தென்னிந்தியாவிலிருந்து எங்கள் ஆட்களைக் கூட்டி வந்தபோது 'டின் டிக்கட்' என்று ஒரு தகர வில்லையைக் கொடுத்தார்கள். அதில் ஆளின் பேர் இல்லை. எந்தத் தோட்டத்துக்குப் போக வேண்டும் என்பதைக் காட்டுகிற எழுத்தும் எண்ணும்தான். வழியில் இருக்கிறவர்கள் ஆளிடம் ஒன்றும் கேட்க வேண்டியதில்லை, வில்லையைப் பார்த்து அனுப்பிவிடலாம். பொயின்டர் அதேதான். உள்ளே என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. எங்கே போக வேண்டும் என்று மட்டும் தெரியும். வில்லை தொலைந்தால் ஆள் போய்ச் சேர மாட்டார்.

முதல் நாள் எழுதிய சேர்க்கிற பகுதி ஓடியது. பிழை ஒன்றும் காட்டவில்லை. ஐந்து பேரைச் சேர்த்தோம். லிஸ்ட்டை அச்சிடச் சொன்னால் வெற்றுத் திரை. மறுபடியும் சேர்த்தோம். மறுபடியும் ஒன்றுமில்லை. ராத்திரி ஒரு மணி வரைக்கும் இதே கதை.

பிழை என்னவென்று காலையில்தான் பிடிபட்டது. சி மொழியில் ஒரு வேலையைச் செய்யச் சொல்லி எதைக் கொடுத்தாலும் அதன் நகல்தான் போகும். முதல் வீட்டின் முகவரியை நாங்கள் கொடுத்தோம். அது ஒரு நகல் எடுத்து, அந்த நகலில் புது முகவரியை எழுதி, வேலை முடிந்ததும் நகலைக் குப்பையில் போட்டுவிட்டது. எங்கள் கையில் இருந்த அசலில் இன்னும் 'யாருமில்லை' என்றே இருந்தது. ஐடென்டிகார்டின் போட்டோகொப்பியில் பேரைத் திருத்திவிட்டு அசல் மாறிவிட்டதென்று நினைக்கிற மாதிரி. திருத்தம் அசலில் விழ வேண்டுமானால் அசல் எங்கே இருக்கிறது என்று சொல்ல வேண்டும். முகவரி எழுதிய தாளின் முகவரி. சுட்டிக்கு ஒரு சுட்டி. இரண்டு நட்சத்திரம் போட்டு எழுதுகிற அந்தப் பொல்லாத விஷயம், ஏ.எல். படிக்கிற தம்பி தங்கச்சிகளுக்குச் சொல்கிறோம், அவ்வளவுதான்.

பேர்கள் விழ ஆரம்பித்தன. விழுந்த பிறகுதான் பேர்களையே பார்த்தோம்.

அம்மாவின் பேரை லட்சுமி என்று வைத்துக்கொள்ளுங்கள். திரையில் 'லட்சும' என்று வந்தது. பக்கத்தில் ஒரு கறுப்புக் கட்டத்துக்குள் கேள்விக்குறி. மற்ற நீளமான பேர்களும் இப்படியே வாலறுந்து கிடந்தன.

நாங்கள் பேருக்கு 20 பைட் இடம் ஒதுக்கியிருந்தோம். நாங்கள் பார்த்த வீடியோவில் அப்படித்தான் இருந்தது. இங்கிலீஷ் எழுத்தில் லட்சுமியை எங்கள் பக்கத்து வழக்கப்படி எழுதினால் 8 எழுத்து, 8 பைட். தாராளம். தமிழில்? வாயால் சொன்னால் ல, ட், சு, மி என்று நாலு எழுத்து. யூனிகோட் அதைப் பிரித்து வைக்கும்போது புள்ளியும் உகரமும் இகரமும் தனித்தனி, ஆக 7 குறி. யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட். மொத்தம் 21. முடிவைக் காட்ட ஒரு பைட்டும் வேண்டும். 20இல் எப்படி 22 அடங்கும்? கடைசி இகரம் வெளியே போய்விட்டது.

இதில் எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் வீடுகளில் பேர் சம்பந்தமாக ஒரு பிரச்சினையும் இல்லாத ஆள் குறைவு. பிறப்புச் சான்றிதழில் ஒரு மாதிரி, ஐடென்டிகார்டில் ஒரு மாதிரி, செக்ரோலில் இன்னொரு மாதிரி. காதில் விழுந்ததை விழுந்த மாதிரி யாரோ எழுதியிருப்பார். ஈபிஎஃப் காசை எடுக்கப் போகும்போது இந்த மூன்று பேரும் ஒரே ஆள்தான் என்று சத்தியக் கடதாசி முடித்துக்கொண்டு வரச் சொல்வார்கள். அதையெல்லாம் எழுதியவர்கள் கவனமில்லாதவர்கள் என்று பேசிக்கொண்டு வளர்ந்தவர்கள் நாங்கள். கையில் கீபோர்ட் கிடைத்த முதல் வாரத்திலேயே அம்மாவின் பேரில் ஒரு எழுத்தைத் தின்றுவிட்டோம். கெட்ட எண்ணத்தால் இல்லை. 20 போதும் என்று வேறு யாரோ வேறு மொழிக்குப் போட்ட கணக்கை யோசிக்காமல் எடுத்துக்கொண்டதால்.

திருத்தம் பெரிய வேலை இல்லை. எல்லோருக்கும் ஒரே அளவு இடம் என்பதை விட்டுவிட்டோம். ஒவ்வொரு பேரையும் முதலில் அளந்து, அதற்கு மேல் ஒரு பைட் கூட்டி, அவ்வளவு இடத்தை மெலொக்கிடம் கேட்டு வாங்கி, அங்கே பேரை எழுதி, கணுவில் அதன் முகவரியை மட்டும் வைத்தோம். லட்சுமிக்கு 22 பைட். மலருக்கு 13. யாருக்கும் குறையாது, யாருக்கும் வீணாகாது.

லீவின் எட்டாம் நாள் அம்மாவின் காலண்டரை முழுதாக ஏற்றினோம். அம்மாவைக் கூப்பிட்டு முன்னால் உட்கார வைத்து, எல்லாரும் பார்க்க, மொத்தம் காட்டச் சொல்லி அமத்தினோம். பத்தொன்பதரை வர வேண்டும்.

17 என்று வந்தது.

அம்மா கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தார். பிறகு சிரித்தார். "ஆபீஸ்காரங்களாவது 18 போட்டாங்க. ஒங்க மிசினு அதவிட மோசமா இருக்கே."

எங்களுக்கு முகம் செத்துப்போச்சு. நாள் என்பதை நாங்கள் முழு எண்ணாக வைத்திருந்தோம். சி மொழியில் முழு எண்ணுக்கான இடத்தில் அரையை வைத்தால் அது பிழை என்று கத்தாது. சத்தம் போடாமல் தசமத்துக்குப் பின்னால் இருப்பதை வெட்டிவிட்டு வைக்கும். அரை பூச்சியம் ஆகும். ஐந்து அரைப்பேரும் ஐந்து பூச்சியம்.

யோசித்துப் பாருங்கள். செக்ரோலில் அம்மாவின் ஒன்றரை நாள் காணவில்லை என்று கோபப்பட்டு எழுத ஆரம்பித்த செய்நிரல், அம்மாவின் இரண்டரை நாளைத் தின்றது. 'நாள் என்றால் முழு நாள்தானே' என்று எங்களுக்குத் தோன்றியிருக்கிறது. எங்களில் யாரும் அரைப்பேருக்கு மலையில் நின்றதில்லை. அம்மா நின்றிருக்கிறார், அதனால்தான் காலண்டரில் பாதிக்கோடு போடத் தெரிந்திருக்கிறது. தரவை எந்த வடிவத்தில் வைப்பது என்று தொடங்கும் முன்பே அம்மாவிடம் கேட்டிருந்தால், "அரையும் வரும் புள்ள" என்று முதல் நாளே சொல்லியிருப்பார். நாங்கள் கேட்கவில்லை.

தசம எண்ணுக்கு மாற்றலாம் என்று ஒருத்தன் சொன்னான். அதைவிட எளிதாக ஒரு வழி கிடைத்தது. எண்ணுகிற அலகை அரைநாள் ஆக்கினோம். முழுப்பேருக்கு 2, அரைப்பேருக்கு 1. காட்டும்போது மட்டும் இரண்டால் பிரித்துக் காட்டும். 34 கூட்டல் 5, 39. பத்தொன்பதரை. அம்மா காலண்டரைப் பார்த்துத் தலையாட்டினார்.

அடுத்த மாதத்துக்குப் பக்கத்துக் காம்பராக்களில் இருந்தும் கேட்டு வந்தார்கள். பதினான்கு பேர். லீவு முடிந்து நாங்கள் போனாலும், சாயங்காலம் அம்மா வாய்ஸ் மெசேஜில் சொல்வார், நாங்கள் ஏற்றுவோம். இரண்டாவது கிழமையே ஒரு அக்கா வேலையை விட்டுவிட்டு கொழும்புக்கு வீட்டு வேலைக்குப் போனார். அவர் பேரை எடுக்க வேண்டும். எடுக்கிற பகுதியை அப்போதுதான் ஒழுங்காக எழுதினோம்.

சங்கிலியில் நடுவில் ஒருவரை எடுப்பதென்றால், அவருக்கு முன்னால் இருப்பவரிடம் அவருக்குப் பின்னால் இருப்பவரின் முகவரியைக் கொடுக்க வேண்டும். பிறகு எடுத்தவரின் பேருக்கான இடத்தையும், கணுவின் இடத்தையும் ஃப்ரீ சொல்லித் திருப்பிக் கொடுக்க வேண்டும். வரிசை முக்கியம். முதலில் இடத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அதன் பிறகு 'அடுத்தவர் யார்' என்று அங்கேயே போய்க் கேட்கக் கூடாது. நாங்கள் அப்படித்தான் செய்தோம். மோசம் என்னவென்றால், எங்கள் லப்டொப்பில் அது ஓடியது. மூன்று நாள் சரியாக ஓடியது. நான்காம் நாள் செக்மென்டேஷன் ஃபோல்ட் என்று செத்தது. காலி செய்த காம்பராவில் பழைய ஆளின் கடிதம் இரண்டு நாள் கிடக்கும், புது ஆள் வந்தால் கிடக்காது. அதை நம்பி இருந்திருக்கிறோம்.

அதைத் திருத்திவிட்டு, உபுண்டுவில் வால்கிரைன்ட் என்ற கருவியை வைத்துப் பார்த்தோம். வாங்கின இடத்தையெல்லாம் திருப்பிக் கொடுத்தோமா என்று சொல்கிற கருவி. கடைசியில் ஒரு கணக்கு காட்டும். அதில் ஒரு வகைக்கு 'நிச்சயமாகத் தொலைந்தவை' என்கிற மாதிரி ஒரு தலைப்பு. எங்களுக்கு அதில் ஒன்று இருந்தது. கொழும்புக்குப் போன அக்காவின் பேர். கணுவைத் திருப்பிக் கொடுத்தோம், பேருக்காகத் தனியாக வாங்கிய இடத்தை மறந்துவிட்டோம். அந்த இடம் இன்னும் நினைவகத்தில் இருக்கிறது. பேரும் ஒரு எழுத்துக் குறையாமல் அங்கேயே இருக்கிறது. ஆனால் அதன் முகவரி செய்நிரலில் எங்குமே இல்லை. யாரும் போய்ச் சேர முடியாது, யாரும் திருப்பிக் கொடுக்கவும் முடியாது.

"இது அந்த ஒன்றரை லட்சம் மாதிரி" என்று தெரணியகலக்காரி சொன்னாள்.

அவள் சொன்னது 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தை. 1948 பிரஜாவுரிமைச் சட்டத்தால் எங்கள் ஆட்களில் பெரும்பாலானோர் நாடற்றவர் ஆனார்கள். அதற்கு அடுத்த வருஷம் வாக்கும் போனது. 1964இல் இரண்டு பிரதமர்கள் உட்கார்ந்து 975,000 பேரைக் கணக்குப் போட்டார்கள். 525,000 பேரை இந்தியா எடுக்கும். 300,000 பேருக்கு இலங்கை பிரஜாவுரிமை கொடுக்கும். மிச்சம் 150,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம். அந்தப் பிறகு வர 1974 ஆனது, ஆளுக்குப் பாதி 75,000 என்று பிரித்தார்கள். பிரித்த பிறகும் தாளில் இருந்ததெல்லாம் நடக்கவில்லை. மிச்சமிருந்தவர்களுக்கு இங்கேயே பிரஜாவுரிமை கொடுக்கிற சட்டம் 2003இல்தான் வந்தது. அவளுடைய தாத்தாவும் தாத்தாவின் தம்பியும் ஒரே லயத்தில் பிறந்தவர்கள். தம்பி குடும்பம் தலைமன்னாரில் கப்பலேறி நீலகிரிப் பக்கம் போனது. தாத்தா இங்கே இருந்தார், ரொம்பக் காலம் எந்த லிஸ்ட்டிலும் இல்லாமல்.

யட்டியாந்தோட்டைக்காரன் ஒத்துக்கொள்ளவில்லை. "இதையும் அதையும் ஒன்னா வைக்காத. நம்ம தொலைச்சது 30 பைட். செய்நிரல் முடிஞ்சா ஒப்பரேட்டிங் சிஸ்டம் எல்லாத்தையும் எடுத்துக்கும். அவங்களுக்கு அப்படி முடியவே இல்லையே. அதோட நம்ம மறந்துட்டோம். அவங்க மறந்தா செஞ்சாங்க?"

அவன் சொன்னது சரி. 150,000 என்பது யாரோ மறந்துபோன எண் இல்லை, எழுதி வைத்த எண். ஆனாலும் அவள் சொன்னதில் ஒன்று எங்களுக்குள் தங்கிவிட்டது. ஒரு பேர் இல்லாமல் போவதற்கு யாரும் அதை அழிக்க வேண்டியதில்லை. அதற்குப் போகிற வழியைக் கையில் இருந்து விட்டால் போதும். அதற்குப் பிறகு ஒவ்வொரு மெலொக்கையும் எழுதும்போதே அதற்கான ஃப்ரீயை எங்கே எழுதப்போகிறோம் என்று கொப்பியில் குறித்துக்கொள்கிறோம். வால்கிரைன்டில் இப்போது பூச்சியம்.

காணாமல் போன ஒன்றரை நாளுக்கு வருவோம்.

மாத நடுவில் ஒருநாள் அம்மாவின் கணக்கைத் தேடினால் வேறு ஒருவரின் நாள்கள் வந்தன. பதினான்கு பேரில் இரண்டு லட்சுமி. எங்கள் தேடுகிற பகுதி தலையிலிருந்து நடந்து, பேர் பொருந்துகிற முதல் ஆளிடம் நின்றுவிடும். இரண்டாவது லட்சுமி அதற்குத் தெரியவே தெரியாது. செக்ரோல் நம்பரை வைத்துத் தேடுகிற மாதிரி மாற்றினோம், அது நாலு வரி வேலை. மாற்றிக்கொண்டிருக்கும்போதுதான் மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் அந்த யோசனை வந்தது.

அம்மா மற்ற லட்சுமியிடம், அவர்கள் அக்கா என்று கூப்பிடுகிறவர், போய்ப் பழைய சிட்டையைக் கேட்டார். அவருக்கு அந்த மாதம் காய்ச்சல், நாள் எண்ணி வைக்கவில்லை. ஆனால் ஆஸ்பத்திரி துண்டு இருந்தது. ஆஸ்பத்திரியில் இருந்த ஒரு நாளுக்கு அவருக்கு முழுப்பேர் விழுந்திருந்தது. அதே நாளில் அம்மாவின் காலண்டரில் முழுக்கோடு. சிட்டையில் அம்மாவுக்கு ஒன்றுமில்லை.

இரண்டு பேரும் சேர்ந்தே ஆபீசுக்குப் போனார்கள். "கிளாக்கரய்யா, இது என் பேரு, இது அக்கா பேரு, நம்பர பாருங்க" என்று கேட்டிருக்கிறார்கள். அவர் செக்ரோலை எடுத்துப் பார்த்துவிட்டு, மலையில் எழுதும்போது வரி மாறியிருக்கும் என்று சொன்னாராம். அடுத்த சம்பளத்தில் அந்த நாள் அம்மாவுக்கு வந்தது. அக்காவுக்கு அது வெட்டப்பட்டது, அதை அவர் தெரிந்துதான் கூட வந்தார். மிச்ச அரைநாள் வரவில்லை. அதற்கு எங்களிடம் காலண்டர் கோட்டைத் தவிர வேறு சாட்சி இல்லை.

எங்கள் செய்நிரல் ஒரு நாளைக் கண்டுபிடித்தது என்று சொன்னால் அது பொய். எங்கள் செய்நிரலில் இருந்த பிழை கண்டுபிடித்தது. அதே பிழையை நாங்களும் செய்ததால்தான் அது எப்படி நடக்கும் என்று தெரிந்தது. பைத்தனில் அப்பென்ட் போட்டு, ரிமூவ் போட்டுப் போயிருந்தால் பேர் எங்கெங்கே விழாமல் போகும் என்று இவ்வளவு கிட்ட இருந்து பார்த்திருக்க மாட்டோம் என்று நினைக்கிறோம்.

அசைன்மென்டைக் கொடுத்துவிட்டோம். சுமாரான மார்க்ஸ்தான். செய்நிரலில் குறிப்பு வரிகள் போதாதாம்.

கடைசியாக அம்மாவிடம் கேட்டோம், "இனிமே காலண்டர்ல கோடு போடாம எங்ககிட்டயே சொல்லிடுறீங்களாம்மா?"

"கரண்டு போனா ஒங்க லிஸ்ட்டு எங்க போகும்?"

மூன்று பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தோம். மெலொக்கில் வாங்கிய இடமெல்லாம் செய்நிரல் ஓடும் வரைக்கும்தான். முடிந்தால் பதினான்கு பேரும் இல்லை. ஒவ்வொரு தடவையும் கொப்பியைப் பார்த்து முதலில் இருந்து ஏற்றிக்கொண்டுதான் இருந்தோம், இதை அம்மாவிடம் சொல்லவில்லை.

கோப்பில் எழுதி, திரும்ப வாசிக்கிற பகுதியை இப்போது எழுதிக்கொண்டிருக்கிறோம். அதுவரைக்கும் காலண்டர் சுவரில்தான் இருக்கிறது.